கப்பல் வாங்கிய வழக்கறிஞர்

கடல் தமிழர்க்குப் புதியதன்று. நாவாய், வங்கம், கலம், திமில், அம்பி, தோணி, ஓடம் என நீரிற் செல்லும் ஊர்திகளுக்கு நம் மொழியில் வழங்கும் பெயர்களே அதற்குச் சான்றாகும். ஒரு பொருள் மக்கள் பழக்கத்தில் இல்லாதவிடத்து அதற்கு இத்துணைப் பெயர்கள் தோன்றா. தென்பாண்டி நாட்டில் பொருநையாறு கடலொடு கலக்குமிடத்தில் கொற்கை என்னும் பெருந்துறை இருந்தது. அத்துறையில் முத்தும் குதிரையும் கைம்மாறின. காலம் செல்லச் செல்ல ஆற்றுமணல் தூர்ந்து கடல் விலகிற்று. கொற்கை இன்று கடலை நீங்கிய சிற்றூராய் நிற்கின்றது. துறை பெயர்ந்தது போன்றே கலமுடைமையும் பெயர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் வந்த பின், நம் கடற்கரையிலிருந்து அயல்நாடு செல்லும் பெருங்கலங்கள் பெரும்பாலும் வெள்ளையர் உடைமையாகவே இருந்தன.

அந்நிலையில் ஒருவர், கப்பற்றொழிலை ஒரு நாளேனும் கற்றறியாதவர், நீதிமன்றத்தில் வழக்காடிப் பொருளீட்டிய வழக்கறிஞர், நாட்டு மக்களிடம் பங்குத்தொகை திரட்டி இரண்டு நீராவிக் கப்பல்களைத் தம் நாட்டார்க்கு உடைமையாக்கினார். அவரே வ. உ. சிதம்பரனார் ஆவர். அவருடைய நாட்டுப்பற்றையும் சிறைத்துன்பத்தையும் நீங்கள் முன்னரே கேட்டிருப்பீர்கள். கப்பல் வாங்கிய கதையை அத்துணை விரிவாகக் கேட்டிருக்கமாட்டீர்கள். ஆதலின் இப்பாடத்தில் அதனையே விரித்துக் கூறுவோம்.

மாணவர்களே, உலகம் அவரைக் கப்பலோட்டிய தமிழர் என வழங்குகின்றது. கப்பல் ஓடிற்று என்பது தன்வினை. கப்பலை ஓட்டினான் என்பது பிறவினை. சிதம்பரனார் சுக்கான் பிடித்துக் கப்பலைத் தம் கையாற் செலுத்தியவர் அல்லர். அது மீகாமன் தொழில். பொருள் திரட்டி, கலம் வாங்கி, ஆளமர்த்தி, ஓடச் செய்தவர் அவர். அரசன் கோயில் கட்டினான் என்னுமிடத்து அரசன் கல் சுமந்தான் என யாரும் பொருள்கொள்ளார். அதுபோலவே இதனையும் கொள்க. எனினும் ஓடச் செய்வது ஓட்டுவதினும் எளிதென்று கருதிவிடாதீர்.

திருநெல்வேலிச் சீமையில், ஒட்டப்பிடாரம் என்னும் ஊரில், 1872ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள் சிதம்பரனார் பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளை, அவரும் வழக்கறிஞரே. தாயார் பரமாயி அம்மாள். இளமையில் தமிழும் ஆங்கிலமும் பயின்ற சிதம்பரனார் திருச்சிராப்பள்ளியில் சட்டங் கற்றுத் தேறி, 1895ஆம் ஆண்டில் ஒட்டப்பிடாரத்தில் தொழில் தொடங்கினார். ஏழைகளின் வழக்குகளை ஊதியம் நோக்காது ஏற்று நடத்தினார். அதனாற் பொதுமக்கள் அன்பையும் காவற்றுறையினர் பகையையும் ஒருங்கே பெற்றார். 1900ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

அக்காலத் தூத்துக்குடியை இக்காலத்து ஊரோடு ஒப்பிட்டு நோக்கலாகாது. 1870களிலேயே இருப்புப்பாதை அங்கு வந்துவிட்டது. 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடி வழி திறக்கப்படும்வரை, தென்னாட்டிலிருந்து இலங்கைக்குச் செல்வோரிற் பலர் தூத்துக்குடிக்குப் புகைவண்டியில் வந்து, அங்கிருந்து கப்பலேறிக் கொழும்புக்குச் சென்றனர். தேயிலைத் தோட்டத் தொழிலாளர், வணிகர், அரிசி மூட்டை, துணிப்பொதி எல்லாம் அவ்வழியே சென்றன. கடலோ கரையருகில் ஆழமற்றது. ஆதலின் பெருங்கப்பல்கள் கரையை அணுகாமல் சில கல் தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நின்றன. ஆளும் சரக்கும் தோணிகளில் ஏறிக் கப்பலை அடைய வேண்டும். தோணி நம்மவருடையது, அதனை உந்துபவரும் நம்மவர், சரக்கும் நம்மவரது, ஏறும் மக்களும் நம்மவர். கப்பல் மட்டும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்கு உரியது. சுருங்கக் கூறின், பி. ஐ. கம்பெனி. அக்கம்பெனி வைத்ததே கூலி, வைத்ததே சட்டம்.

1905ஆம் ஆண்டில் ஆங்கில அரசு வங்காளத்தை இரு கூறாக்கிற்று. அதனால் எழுந்த கொந்தளிப்பில் சுதேசியம் என்னும் கொள்கை நாடெங்கும் பரவிற்று. நம் நாட்டுத் துணியையே உடுப்போம், நம் நாட்டுப் பொருளையே வாங்குவோம் எனப் பலர் உறுதி பூண்டனர். தூத்துக்குடியில் இருந்த சிதம்பரனார்க்கு அக்கொள்கை வேறொரு கோணத்தில் தோன்றிற்று. துணியைச் சுதேசியமாக்கினோம், அதனை ஏற்றிச் செல்லும் கப்பல் அயலானுடையதாயின், ஊதியத்திற் பெரும்பகுதி அவனுக்கன்றோ போகும்? நெய்பவன் நாம், சுமப்பவன் அவன் என்றிருக்குமளவும் வாணிகம் நம் கையில் இல்லை. இவ்வெண்ணமே கப்பற் கம்பெனிக்கு வித்தாயிற்று.

1906ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16ஆம் நாள் சுதேசிக் கப்பற் கம்பெனி சட்டப்படி பதிவு செய்யப்பெற்றது. முதல் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள் வகுக்கப்பட்டன. மதுரையில் தமிழ்ச்சங்கம் நிறுவிய பாலவனத்தம் பாண்டித்துரைத் தேவர் கம்பெனியின் தலைவரானார். புலவர்களைப் புரந்த கை நாவாய்க்கும் நீண்டது நமக்குப் பெருமை தருவதாகும். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகப் பெருந்தகை 8,000 பங்குகளை எடுத்து இரண்டு இலட்சம் ரூபாய் தந்தார், செயலாளராகவும் இருந்தார். சிதம்பரனார் துணைச் செயலாளர் என்னும் பெயரோடு அமைந்தார். பெயர் துணையாயினும் பளு முழுவதும் அவர்மீதே இருந்தது.

பங்கின் விலையை 25 ரூபாயாக வைத்ததை ஈண்டு எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆயிரம் ரூபாயாக வைத்திருப்பின் நூறு செல்வர் சேர்ந்து காரியத்தை முடித்திருக்கலாம். அது சிலர் கப்பலாக இருந்திருக்குமேயன்றி நாட்டார் கப்பலாக இருந்திராது. சிறு பங்கு என்றமையால் கடைக்காரரும் எழுத்தரும் ஆசிரியரும் சேரத் துணிந்தனர். ஆனால் சிறு பங்கிற்கு ஒரு குறையும் உண்டு. தொகை மெல்லச் சேரும். சேர்வதற்குள் செலவு முந்திக்கொள்ளும். இக்குறை பின்னர்க் கம்பெனியை எவ்வாறு வருத்திற்று என்பதைக் காண்போம்.

கம்பெனி தோன்றியபொழுது அதற்குச் சொந்தக் கப்பல் ஒன்றுமில்லை. பம்பாயைச் சார்ந்த ஷா லைன் என்னும் கம்பெனியிடம் கப்பலை வாடகைக்கு அமர்த்தித் தொழில் தொடங்கினர். புதிதாகத் தொழில் தொடங்குவோர்க்கு இஃது ஏற்ற முறையே. வாடகைக் கப்பலாயின் பெருமுதல் வேண்டா. தொழிலின் நெளிவு சுளிவுகளைக் கற்கவும் கூடும். ஆயினும் இரவல் ஏரால் உழுபவன் நிலை என்ன? ஈரம் உள்ள நாளில் ஏருக்கு உடையவன் வந்து கேட்டால் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அவ்வாறே நேர்ந்தது. பி. ஐ. கம்பெனியார் ஷா லைன் கம்பெனியை நெருக்கினர். அந்நெருக்கத்துக்கு அஞ்சி அவர்கள் தம் கப்பலைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர்.

முன்பணம் தந்து சீட்டு வாங்கியவர்க்கும் சரக்கு ஏற்றக் காத்திருந்த வணிகர்க்கும் என்ன விடை கூறுவது? கப்பலில்லாக் கப்பற் கம்பெனி என மாற்றார் நகைத்திருப்பர். சிதம்பரனார் உடனே கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்தித் தொழில் தடைப்படாமற் காத்தார். ஆனால் ஒன்றை ஐயமறத் தெரிந்துகொண்டார். வாடகைக் கப்பல் எத்துணை நன்றாயினும் அதன் கயிறு பிறன் கையில் இருக்கின்றது. சொந்தமாகக் கப்பல் வாங்கினாலன்றிக் கம்பெனி நிலைபெறாது.

மாடு வாங்கப்போகும் உழவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், சுழி பார்ப்பான், நடக்கவிட்டுக் குளம்பை நோக்குவான். தந்தையும் பாட்டனும் கற்பித்த அறிவு அவனுக்குத் துணைநிற்கும். கப்பலுக்குப் பல் ஏது? அதன் உடம்பிற் பெரும்பகுதி நீருக்குள் மறைந்து கிடக்கின்றது. அடித்தகடு துருவேறித் தேய்ந்திருக்கின்றதா என்பதை உலர்துறையில் ஏற்றிச் சோதித்தாலன்றி அறிய இயலாது. புறத்தே பூசிய வண்ணம் புதிதாயிருக்கும். அகத்தே கொதிகலம் பழையதாயிருக்கும். எந்திரம் எத்துணை நிலக்கரி தின்னும் என்பதை விற்பவன் அறிவான், வாங்குபவன் அறியான். நிலக்கரி மிகுதியாகத் தின்னும் கப்பலை மலிந்த விலைக்கு வாங்கினவன், விலையில் மிச்சம் பிடித்ததை ஆண்டுதோறும் உலையிற் போட்டு எரிப்பான். மேலும் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடைப்பட்டது ஓரிரவு வழியே. அதற்கேற்ற அளவும் விரைவும் உடைய கலம் வேண்டும். மிகப் பெரிதாயின் இடம் நிறையாது. மிகச் சிறிதாயின் கட்டுப்படியாகாது.

இவற்றையெல்லாம் அறிந்தவர் அக்காலத்தில் நம்மிடையே மிகச் சிலரே. சிதம்பரனார் அறிந்தது சட்டம். ஒப்பந்தம் எழுதுதல், பங்கு முறை, வழக்கு முதலியன அவர்க்குக் கைவந்தவை. கப்பலின் உறுப்புக்களை அவர் நூலிற் கற்றவரல்லர். கல்லாத ஒன்றில் இறங்குவோர் இருவகையர். தமக்கு எல்லாம் தெரியும் எனத் தருக்கி விற்பவன் கூறியதை நம்பி ஏமாறுவோர் ஒரு வகை. தெரியாது என அஞ்சி வாளா இருப்போர் மற்றொரு வகை. சிதம்பரனார் இவ்விரண்டிலும் படாதவர். கப்பல் கிடைக்கும் இடம் பம்பாய் முதலிய பெருந்துறைகளும் ஐரோப்பாவுமே எனத் தெளிந்து, வட நாட்டிற்குத் தாமே புறப்பட்டார்.

புறப்பட்ட வேளை எத்தகையது என்பதை அவர் வரலாறு எழுதியோர் கூறுவர். மூத்த மகன் உலகநாதன் நோயுற்றுக் கிடந்தான். மனைவியார் மீனாட்சியம்மையார் கருவுற்றிருந்தார். நண்பரும் உறவினரும் பயணத்தைத் தள்ளிவைக்குமாறு வேண்டினர். குழந்தையை இறைவன் காப்பான் எனக் கூறிவிட்டு அவர் சென்றார். கப்பலோடு மீள்வேன், இன்றேற் கடலில் வீழ்ந்து மாய்வேன் எனச் சூளுரைத்ததாகவும் கூறுவர். நோயுற்ற மகனை விட்டுச் செல்லுதல் தந்தைக்குத் தகுமோ என நீங்கள் வினவலாம். வினவுதல் நன்றே. அவ்வினாவுக்கு எளிதில் விடையிறுக்க இயலாது. 25 ரூபாய் தந்த ஆயிரவர் முகம் ஒருபுறமும், தொட்டிற் குழந்தையின் முகம் மறுபுறமும் நின்றபோது அவர் உள்ளம் பட்ட பாட்டை அவரே அறிவார்.

வட நாட்டில் வணிகர் பலரைக் கண்டு, கம்பெனியின் நோக்கத்தை எடுத்துரைத்துப் பங்குகள் சேர்த்தார். ஆங்கு அவர் புதியவர். அவர்தம் மொழி தமிழ். கம்பெனியோ தென்கோடியில் ஒரு துறையில் தோன்றிய சிறு கம்பெனி. ஆயினும் சுதேசியம் என்னும் ஒரு சொல் பல கதவுகளைத் திறந்தது. சேர்ந்த பொருளைக்கொண்டு எஸ். எஸ். காலியா என்னும் நீராவிக் கப்பலை வாங்கினார். அக்காலையில் அவர்தம் கம்பெனியைச் சார்ந்த வேதமூர்த்தி முதலியார் பிரான்சு நாட்டிற்குச் சென்று, எஸ். எஸ். லாவோ என்னும் மற்றொரு கப்பலை வாங்கி வந்தார். 1907ஆம் ஆண்டில் இரு கப்பல்களும் தூத்துக்குடித் துறையில் வந்து நின்றன. ஒரு கப்பலாயின் அது பழுதுற்ற நாளில் தொழில் நின்றுவிடும். கரி ஏற்றவும் எந்திரம் துடைக்கவும் ஒன்று ஓய்ந்திருக்கும்போது மற்றொன்று ஓட வேண்டும். ஆதலின் இரண்டு வாங்கியது பேரவா அன்று, தேவையே ஆகும்.

ஒவ்வொரு கப்பலிலும் முதல் வகுப்பில் 42 பேரும், இரண்டாம் வகுப்பில் 24 பேரும், பொது வகுப்பில் 1,300 பேரும் செல்ல இடமிருந்தது. 4,000 மூட்டை சரக்கும் ஏற்றலாம். கப்பல்களின் வருகையைத் தூத்துக்குடி மக்கள் திருவிழாவாகக் கொண்டாடினர். பாரதியார் ஆசிரியராயிருந்த இந்தியா என்னும் இதழ் அம்மகிழ்ச்சியை நாடறியச் செய்தது. கரையில் நின்று நோக்கினோர்க்குத் தொலைவில் இரண்டு புகைக்கோடுகள் மட்டுமே தெரிந்திருக்கும். ஆயினும் அப்புகையில் தம் 25 ரூபாயும் எரிகின்றது எனப் பங்குதாரர் களித்திருப்பர்.

எரிந்தது மெய்யே. யானையை வாங்குவது பெரிதன்று, தீனி போடுவதே பெரிது என்பது நாட்டு வழக்கு. கப்பலுக்கும் அவ்வழக்குப் பொருந்தும். மீகாமன் முதல் கரி தள்ளுவோன்வரை அனைவர்க்கும் ஊதியம், நிலக்கரி, தோணிக்கூலி, இரு துறைகளிலும் செலுத்தும் தீர்வை, அவ்வப்போது நேரும் பழுதுக்குச் செலவு. ஓடினாலும் செலவு, ஓடாமல் நங்கூரத்தில் நின்றாலும் செலவு. வாடகைக் கப்பலிற் பல செலவுகள் உடையவன் தலையில் விடியும். சொந்தக் கப்பலில் எல்லாம் நம் தலையிலேயே விடியும். முதன்முதற் கலம் வாங்குவோர் விலையை மட்டும் கணக்கிட்டு இவற்றை மறந்துவிடுவதுண்டு. சிதம்பரனார் மறந்தவரல்லர். மக்களும் வணிகரும் தம் கப்பலையே நாடுவர், ஆதலின் வருவாய் செலவை ஈடுசெய்யும் என அவர் கணக்கிட்டார். மக்களைப் பற்றிய அக்கணக்குப் பொய்க்கவில்லை. சுதேசிக் கப்பல்களிற் கூட்டம் பெருகிற்று, பி. ஐ. கப்பல்களிற் குறைந்தது. ஆனால் மாற்றானின் மடியில் இருந்த பொருளின் அளவு, எவர் கணக்கிலும் அடங்காததாயிருந்தது.

பி. ஐ. கம்பெனியின் வேர் 1856ஆம் ஆண்டிற்குச் செல்வது. பர்மா, மலேயா, பாரசீகக் குடாக்கடல், கிழக்கு ஆப்பிரிக்கா எனப் பல வழிகளில் அதன் கப்பல்கள் ஓடின. ஒரு வழியில் நட்டம் வந்தால் மற்றொரு வழியின் ஊதியத்தால் அதனை ஈடுசெய்ய அக்கம்பெனியால் முடியும். சுதேசிக் கம்பெனிக்கோ ஒரே வழி. அவ்வழியில் நட்டம் வந்தால் ஈடுசெய்ய வேறு வழியில்லை. இவ்வேறுபாட்டை நன்குணர்ந்த பி. ஐ. கம்பெனியார் கட்டணத்தைக் குறைக்கத் தொடங்கினர். ஒரு ரூபாய்க்குக் கொழும்பு செல்லலாம் என்றனர். சுதேசிக் கம்பெனியார் எட்டணாவுக்கு அழைத்துச் சென்றனர். பதினாறு அணா கொண்டது ஒரு ரூபாய். எட்டணா அரை ரூபாய். பொது வகுப்பில் 1,300 பேரும் நிறைந்தாலும் அவர்களால் ஒரு பயணத்திற்கு வருவது 650 ரூபாயே. நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். கரிக்கும் ஊதியத்திற்கும் தோணிக்கும் அத்தொகை எம்மூலைக்கு?

அதற்கு மேலும் சென்றனர் பி. ஐ. கம்பெனியார். கட்டணமே வேண்டா, ஏறுவோர்க்குக் குடை ஒன்றும் இலவசமாகத் தருவோம் என அறிவித்தனர் என்பர். இலவசத்தை வேண்டா என்று, எட்டணாக் கொடுத்து நம் கப்பலில் ஏறினவர் பலர். அவர்கள் செல்வரல்லர், எட்டணா அவர்க்குச் சிறு தொகையுமன்று. குடையை வாங்கிக்கொண்டு சென்றவரும் உண்டு. கொளுத்தும் வெயிலிற் குடை கிடைக்கின்றது எனச் சென்ற ஏழையை நாம் பழித்தல் நன்றன்று. ஆனால் அக்குடையின் விலையை யார் கொடுத்தார் என்பதை அவன் அறியான். சுதேசிக் கம்பெனி வீழ்ந்த மறுநாள் கட்டணம் ஏறும். அப்போது குடைக்கும் சேர்த்து அவனே கொடுப்பான்.

சிதம்பரனாரைக் கம்பெனியினின்று விலக்க ஓர் இலட்சம் ரூபாய் தருவதாகப் பி. ஐ. கம்பெனியார் ஆள் விட்டனர் என்றும், அவர் அதனை மறுத்துவிட்டார் என்றும் கூறுவர். ஆட்சியாளரும் ஆங்கிலக் கம்பெனியின் பக்கமே நின்றனர். ஆண்டு கொண்டிருந்தவர் யார், கப்பல் உடையவர் யார் என்று எண்ணின் அதில் வியப்பில்லை.

1908ஆம் ஆண்டு தொடங்கியது. தூத்துக்குடியில் கோரல் மில் என்னும் நூற்பாலை இருந்தது. அதனை நடத்திய ஆர்வி நிறுவனமே தூத்துக்குடியில் பி. ஐ. கம்பெனிக்கும் முகவராயிருந்தது. அவ்வாலையில் தொழிலாளர் நெடுநேரம் உழைத்துச் சிறு கூலி பெற்றனர். வார விடுமுறையும் அவர்க்கில்லை. பிப்ரவரி 27ஆம் நாள் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்க்குத் துணைநின்றனர். மார்ச்சுத் திங்கள் முதல் வாரத்தில் ஆலையார் இறங்கிவந்து, கூலி உயர்வும் விடுமுறையும் அளிக்க இசைந்தனர். இந்நாட்டுத் தொழிலாளர் வரலாற்றில் இது பெருவெற்றி.

கம்பெனியில் பொருளிட்டோருள் சிலர் இதனை விரும்பவில்லை. கப்பல் நடத்துபவர் அரசியலில் இறங்கினால் அரசின் சினம் கப்பலைத் தாக்கும் என அவர்கள் அஞ்சினர். அவ்வச்சம் தவறென்று தள்ளத்தக்கதன்று, அவ்வாறே நேர்ந்தது. வாணிகம் ஒன்றையே கருதினவராயின் சிதம்பரனார் மேடையை விட்டு அலுவலகத்தில் அமர்ந்து கணக்குப் பார்த்திருக்கலாம். ஆனால் அவர் கப்பல் வாங்கியது வாணிகத்திற்காக மட்டும் அன்று. நாட்டை நீக்கிக் கப்பலை மட்டும் காப்பது, உயிரை விட்டு உடலைப் பேணுவது போன்றதென அவர்க்குத் தோன்றியிருக்கும். இவ்விரண்டில் எது நேரிது என அறிஞர் இன்றும் வேறுபடுவர். அவர் நெறியே பெரிதென்பது என் கருத்து. எனினும் கம்பெனி அதற்கு விலை கொடுத்தது என்பதையும் மறைத்தல் ஆகாது.

மார்ச்சு 12ஆம் நாள் சிதம்பரனாரும் சிவாவும் திருநெல்வேலியிற் சிறைப்படுத்தப்பட்டனர். மறுநாள் அந்நகரம் கொதித்தெழுந்தது. துப்பாக்கிச்சூட்டில் நால்வர் மாண்டனர். அரச நிந்தனை வழக்கில், ஜூலைத் திங்கள் 7ஆம் நாள், நீதிபதி பின்ஹே என்பார் சிதம்பரனார்க்கு இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். அஃது ஒன்றன்பின் ஒன்றாக 40 ஆண்டுகள். செய்தி கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் அறிவு திரிந்தார். பின்னர் அவர் தேறவேயில்லை. மேல்முறையீட்டில் தண்டனை ஆறாண்டாகக் குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் மாடு பூட்டும் செக்கிற் சிதம்பரனாரைப் பூட்டினர். பின்னர்க் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றினர். அச்சிறைக் கொடுமைகளை விரித்தல் இப்பாடத்தின் நோக்கமன்று.

மீகாமனில்லாக் கலம் போலாயிற்று கம்பெனி. கப்பல்களுக்குக் கரி வேண்டும். கரிக்குப் பணம் வேண்டும். பணம் தருவோர்க்கு நம்பிக்கை வேண்டும். அந்நம்பிக்கைக்கு உருவாயிருந்தவர் செக்கிழுத்துக்கொண்டிருந்தார். பங்கு வாங்குவோர் குறைந்தனர். ஏற்கெனவே சேர்ந்த முதல் கட்டணப் போரிற் கரைந்திருந்தது. 1911ஆம் ஆண்டில் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல்களும் விற்கப்பட்டன. தாம் தேடித் திரிந்து வாங்கிய கலம் கைமாறிய செய்தியைச் சிறைச்சுவர்க்குள் இருந்தே அவர் கேட்க நேர்ந்தது.

1912ஆம் ஆண்டின் இறுதியில் விடுதலை பெற்றார். கப்பல் வந்தபோது கரையில் திரண்ட கூட்டம் சிறைவாயிலில் இல்லை. வழக்கறிஞர் உரிமையையும் அரசு பறித்திருந்தது. சென்னையில் சிறு கடை வைத்துப் பிழைக்க முயன்றார், வறுமையே மிஞ்சிற்று. பின்னர் வாலேஸ் என்னும் ஆங்கில நீதிபதி அவ்வுரிமையை மீட்டுத் தந்தார். அந்நன்றியை மறவாது தம் மகன் ஒருவனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். ஆங்கிலேய அரசை எதிர்த்தவர் ஆங்கிலேயர் ஒருவர் பெயரைத் தம் இல்லத்தில் நாளும் அழைத்தார் என்பது கருதத்தக்கது.

இத்துன்பங்களுக்கிடையே அவர் தமிழை விட்டாரல்லர். சிறையிலிருந்தபோதே ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில அறிஞர் நூலை மனம்போல வாழ்வு எனத் தமிழாக்கினார். மெய்யறம், மெய்யறிவு முதலிய நூல்களை இயற்றினார். 1917ஆம் ஆண்டில் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு வெளியிட்டார். தொல்காப்பியம் இளம்பூரணர் உரையைப் பதிப்பிப்பதிலும் பாடுபட்டார். ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் தேர்வது கப்பலின் துருவைச் சோதிப்பது போன்றது. பொறுமையும் ஐயுறவும் ஒருங்கே வேண்டும். தமிழ் கற்பிக்கும் எம்போல்வார் அப்பதிப்புக்களை எடுக்குந்தோறும் அவரைக் கப்பலுக்காக அன்றிப் புலமைக்காகவும் நினைவோம்.

1930களில் தூத்துக்குடிக்கே திரும்பினார். பி. ஐ. கப்பல்கள் அப்போதும் இந்தியக் கடல்களில் ஓடிக்கொண்டிருந்தன. உடல் நலிந்து, 1936ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 18ஆம் நாள், தூத்துக்குடிக் காங்கிரசு அலுவலகத்தில் அவர் உயிர் நீத்தார். அத்துறைமுகம் 2011ஆம் ஆண்டு முதல் அவர் பெயர் தாங்கி நிற்கின்றது. இறப்பதற்குச் சிறிது முன்னர் அவர் ஓர் உயில் எழுதுவித்தார். பத்து இலட்சம் ரூபாய் முதலிற் கப்பற் கம்பெனி கண்டவர், அவ்வுயிலில், கடைக்காரர்க்குத் தாம் தரவேண்டியிருந்த சிறு சிறு கடன்களையும் மறவாது குறித்து வைத்தார்.